டிக்கெட் வாங்காத மனிதர்

அவரைப் பற்றிச் சொல்வதென்றால் சட்டைப் பையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். மேட்ச் நாளில் அந்தப் பைக்குள் ஒரு பாஸ் இருக்கும். முழுதாக உள்ளே போயிருக்காது. கிளப்பின் முத்திரையும் ‘கௌரவ விருந்தினர்’ என்கிற எழுத்தும் தெரிகிற அளவுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். சட்டை மெல்லிய வெள்ளைத் துணி, உள்ளே இருக்கிற பாதியும் வெளியே தெரியும். அப்படியும் அவருக்குத் திருப்தி கிடையாது. தெரிந்தவர் யாராவது எதிரே வந்தால் பேனா எடுப்பதுபோல் கையை விட்டுப் பாஸை இன்னும் கொஞ்சம் மேலே தள்ளுவார். பேனா பேண்ட் பையில் இருக்கும்.

ரிச்சர்ட்ஸ் டவுனுக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் கால்பந்து கிளப். நான் அதில் துணைச் செயலாளர். பிழைப்புக்கு சிவாஜிநகரில் ஜெர்சிக்கு நம்பர் அடிக்கிற கடை வைத்திருக்கிறேன். கிளப்பின் டிக்கெட், பாஸ், பேனர் எல்லாம் என் கடையில்தான் அச்சாகும். அதனால் கிளப்பில் வேறு யாருக்கும் இல்லாத ஒரு தலைவலி எனக்கு மட்டும் இருந்தது. அந்தத் தலைவலியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவருடைய சொந்தக்காரர்கள் இன்னும் எங்கள் தெருவில்தான் இருக்கிறார்கள், சண்டைக்கு வருவார்கள். நாங்கள் எல்லோரும் அங்கிள் என்றே கூப்பிட்டோம், நானும் அப்படியே சொல்கிறேன்.

அங்கிள் ஒரு பெரிய தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் அதிகாரியாக இருந்து ரிட்டயர் ஆனவர். சொந்த வீடு, நல்ல பென்ஷன், கல்யாணமாகி வெளிநாட்டில் இருக்கிற மகள். எங்கள் மேட்சுக்கு டிக்கெட் என்ன பெரிய விலையா? பஸ் ஸ்டாண்டில் ஒரு டீயும் பன்னும் சாப்பிடுகிற காசு. அதைக் கொடுத்து அந்த மனுஷன் தன் வாழ்நாளில் உள்ளே வந்ததில்லை. கஞ்சர் என்று நினைத்துவிடாதீர்கள். கஞ்சராக இருந்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். சர்ச் விழாவுக்குக் கேட்காமலே நன்கொடை கொடுப்பார். தெருவில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் பழத்தோடு முதல் ஆளாகப் போய் நிற்பார். டிக்கெட் மட்டும் வாங்க மாட்டார்.

“தம்பி, டிக்கெட் வாங்குறவன் அவனா வர்றான். பாஸ்ல வர்றவனை நாலு பேரு சேர்ந்து, வாங்கன்னு கூப்புடறாங்க. ரெண்டும் ஒண்ணா?” என்பார்.

சரி, பாஸ் வேண்டும் என்றால் கேட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதானே? அங்கேதான் மனுஷன் என் உயிரை எடுத்தார். கேட்க மாட்டார். மேட்சுக்கு முந்தின வாரம் என் கடைக்கு வருவார். ஸ்டூலில் உட்காருவார். வெயிலைப் பற்றிப் பேசுவார். மெட்ரோ வேலையில் ரோடு நாசமானதைப் பற்றி, கறி விற்கிற விலையைப் பற்றி, பாதிரியாரின் பிரசங்கம் நீண்டுபோனதைப் பற்றி எல்லாம் பேசுவார். கடையில் ஆள் நிற்பார்கள், மெஷின் சூடேறிக்கொண்டிருக்கும், அங்கிள் எழுந்திருக்க மாட்டார். நானாக மேஜை டிராயரைத் திறந்து பாஸை எடுக்கிற வரைக்கும் பிரசங்கம் ஓடும்.

எடுத்து நீட்டினாலும் வாங்கிக்கொள்வாரா? கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்.

“இன்னா தம்பி, பஸ் டிக்கெட் மாதிரி குடுக்கற? கவர்ல போடு. மேல பேரு எழுது.”

“அங்கிள், நீங்க எதிர்லதான உக்காந்திருக்கீங்க?”

“உக்காந்திருந்தா? மரியாதைன்னு ஒண்ணு இருக்கில்ல. கேட்டு வாங்கினா அது ஓசி. அவங்களா குடுத்தா அதுக்குப் பேரு அழைப்பு.”

கவரில் போட்டு, பேரெழுதி, எழுந்து நின்று இரண்டு கையாலும் கொடுப்பேன். அப்போது ஒரு ஆச்சரியம் காட்டுவார் பாருங்கள், அதற்கே தனியாக ஒரு பரிசு தரலாம். “அட, எனக்கா? எதுக்குப்பா இதெல்லாம்? சரி, நீங்க இவ்ளோ தூரம் கூப்புடறப்போ வராம இருக்க முடியுமா?” நான் எந்த தூரமும் போகவில்லை. டிராயர் வரைக்கும்தான் போனேன்.

இந்த வியாதி கால்பந்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பொருட்காட்சி, சர்க்கஸ், கைவினைக் கண்காட்சி எதுவானாலும் பாஸ் வந்தால் போவார். ஒரு தடவை நாய்க் கண்காட்சிக்கு யாரோ பாஸ் கொடுத்துவிட்டார்கள். அங்கிளுக்கு நாய் என்றால் குலை நடுங்கும். எங்கள் தெரு முனையில் படுத்திருக்கிற கிழட்டு நாய்க்குப் பயந்து அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போகிறவர். ஆனால் கவரில் வந்த அழைப்பாயிற்றே! போனார். முதல் வரிசையில் இடம். கன்றுக்குட்டி உயர நாய்கள் ஒவ்வொன்றாக அவர் முழங்காலை மோந்து பார்த்துவிட்டு நகர்ந்தனவாம். சாயங்காலம் வரைக்கும் காலை நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டு, முகத்தில் சிரிப்பும் நெற்றியில் வேர்வையுமாக உட்கார்ந்திருந்து எழுந்து வந்தார். “எப்படி இருந்துச்சு அங்கிள்?” என்று கேட்டேன். “ஏ ஒன்! என் பக்கத்து சேர்ல ஒரு ரிட்டயர்டு ஜட்ஜ்” என்றார்.

அதே மனுஷனை, பூங்காவில் நடக்கிற இலவசக் கச்சேரிக்குக் கூப்பிட்டால் முகத்தைச் சுளிப்பார். நல்ல பாட்டு, வீட்டிலிருந்து நடக்கிற தூரம், காசு கிடையாது. “யார் வேணா போற இடத்துக்கு நான் எதுக்குப்பா?” என்று செய்தித்தாளைப் பிரித்துக்கொள்வார். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நான்தான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

எங்கள் கிரவுண்டில் கௌரவ விருந்தினர்களுக்கு சோபா வரிசை என்று ஒன்று உண்டு. கேலரி என்பது மூன்று பக்கமும் சிமெண்ட் படிக்கட்டு. நான்காவது பக்கத்தில், எல்லைக்கோட்டை ஒட்டி, கிளப் ரூமிலிருந்து சோபாக்களைத் தூக்கிவந்து போடுவோம். மெரூன் கலர், முதுகில் வெள்ளை டர்க்கி டவல். கல்யாண வரவேற்பா, கால்பந்தா என்று வெளியூர் டீம்காரர்கள் குழம்பிப்போவார்கள். பாதி ஆட்டத்தில் அந்த வரிசைக்கு மட்டும் பீங்கான் கோப்பையில் டீ போகும், தட்டில் பிஸ்கட் போகும். லைன்ஸ்மேன் பாவம், கொடியோடு ஓடி வருகிறவர் சோபா வந்ததும் பின்பக்கமாகச் சுற்றி மறுபடி கோட்டுக்கு வர வேண்டும். ஒரு தடவை அவர் சோபாவுக்குப் பின்னால் இருந்த நேரத்தில் எங்களுக்கு எதிராக ஒரு அப்பட்டமான ஆஃப்சைட் கோல் விழுந்துவிட்டது. எங்கள் பையன்கள் கத்தினார்கள். நான் ஓடிப் போய், “அங்கிள், சோபாவைக் கொஞ்சம் பின்னாடி தள்ளிக்கலாமா?” என்றேன்.

“தள்ளலாம். ஆனா பின்னாடி தள்ளினா அது ரெண்டாவது வரிசை மாதிரி ஆயிடும். லைன்ஸ்மேனைக் கொஞ்சம் வேகமா ஓடச் சொல்லு” என்றார். கையில் டீ இருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கோப்பையைப் பிடுங்கி வீசியிருப்பேன்.

ஆன்ட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கிளின் மனைவி. டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்தவர், வெடுக்கென்று பேசுவார், ஆனால் வீட்டுக்குப் போனால் சாப்பிடாமல் விட மாட்டார். மேட்ச் நாளில் அந்த வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போடுவது ஆன்ட்டி வேலை. வீட்டு கேட் வரைக்கும் வந்து வழியனுப்புவார், கிரவுண்டில் ஆரவாரம் கேட்டால் மாடிக்குப் போய் எட்டிப் பார்ப்பார். மாடியிலிருந்து கிரவுண்டு தெரியாது, கிளப்பின் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும்.

“ஆன்ட்டி, நீங்களும் வரலாமே?” என்று ஒரு நாள் அவர் வீட்டில் தோசை சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன்.

“பாஸ்ல ஒருத்தருக்கு மட்டும்னு போட்டிருக்கே” என்றார்.

“டிக்கெட் வாங்கிக்கிட்டு வாங்க.”

உள்ளேயிருந்து அங்கிள் குரல் வந்தது. “நல்லா இருக்கே! என் வீட்டு ஆளு க்யூவுல நின்னு டிக்கெட் வாங்குறதா? ஊர்ல என்ன பேசுவாங்க? அவளுக்கு இதுலல்லாம் இன்ட்ரஸ்ட் கிடையாதுப்பா.”

ஆன்ட்டி எனக்கு இன்னொரு தோசை வைத்தார். நான் அடுத்த தடவை இரண்டு பாஸ் கவரில் போட்டுக் கொடுத்தேன். இரண்டாவதை அங்கிள் ஒரு பேங்க் மேனேஜருக்குக் கொடுத்து, அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, ஒன்றைத் தவிர. கேலரியில் ஆளே இல்லை. சோபா நிறைய விருந்தாளிகள், படிக்கட்டு நிறைய வெயில். சுற்றிலும் புது அபார்ட்மெண்டுகள் வந்துவிட்டன. அங்கே இருக்கிற பிள்ளைகளுக்கு ஐரோப்பாவில் எந்த கிளப்பில் யார் கோல் கீப்பர் என்று தெரியும், காம்பவுண்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு கிளப் இருப்பது தெரியாது. எங்கள் பையன்கள் கோல் போட்டுவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு கேலரிப் பக்கம் ஓடுவார்கள். அங்கே கடலை விற்கிறவர் மட்டும் நிற்பார். அவரும் வியாபாரம் இல்லாத கடுப்பில் நிற்பார்.

அந்த வருஷம் செல்வம் செயலாளராக வந்தார். பழைய லெஃப்ட் விங் ஆட்டக்காரர். ஊரின் மறுகோடியில், பொம்மனஹள்ளியில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். அங்கிருந்து இங்கே வந்து சேர்வதற்குள் மனுஷன் பாதி உயிராகிவிடுவார், ஆனாலும் ஒரு மீட்டிங் தவற மாட்டார். வந்ததும் அவர் சொன்ன முதல் விஷயம், எல்லா மேட்சுக்கும் இலவச அனுமதி.

“டிக்கெட் காசுல நாம ஒண்ணும் மாடி கட்டப் போறதில்ல மச்சா. ஆனா டிக்கெட்டுன்னு ஒரு ஜன்னலைப் பாத்தாலே, தெரிஞ்ச பசங்க ஆடறாங்களே எட்டிப் பாக்கலாம்னு வர்றவன் அப்படியே திரும்பிடறான். கேட்டைத் தொறந்து வுடுவோம். ஜனம் வரட்டும்” என்றார்.

கமிட்டியில் ஆளுக்கொரு பேச்சு. சும்மா விட்டால் குடிகாரன் வந்து படுப்பான் என்றார் ஒருவர். காசு கொடுத்தால் மட்டும் குடிகாரன் வரமாட்டானா என்றார் இன்னொருவர். கடைசியில் ஒரு மேட்சுக்கு விட்டுப் பார்ப்போம் என்று முடிவானது. எனக்கு வேலை மிச்சம். டிக்கெட் அடிக்க வேண்டாம், பாஸும் அடிக்க வேண்டாம். அந்த வாரம் அங்கிள் என் கடைக்கு வந்தார். வெயில், மெட்ரோ, கறி, பிரசங்கம் எல்லாம் முடிந்து இரண்டாம் சுற்றும் போனது. டிராயரில் ஒன்றுமில்லை என்று எனக்குத்தான் சொல்ல வாய் வரவில்லை. “அங்கிள், இந்தத் தடவை எல்லாருக்கும் ஃப்ரீ” என்றேன் ஒருவழியாக.

“சந்தோஷம். ஜனங்களுக்கு ஃப்ரீ. சரி, எங்களுக்கு?”

“உங்களுக்கும் ஃப்ரீதான் அங்கிள்.”

அவர் ஸ்டூலிலிருந்து எழுந்து போய்விட்டார்.

மேட்சுக்குக் கூட்டம் வந்தது. கூட்டமென்றால் எனக்கே நம்பிக்கை வரவில்லை. அபார்ட்மெண்ட் ஆட்கள், ஆட்டோ ஸ்டாண்டு ஆட்கள், பர்தா போட்ட பெண்கள், சர்ச்சிலிருந்து நேராக வந்த பாட்டுக் குழு என்று மூன்று பக்கமும் நிரம்பி, நான்காவது பக்கமும் வழிந்தது. அங்கிள் வெள்ளைச் சட்டையில் வந்தார். பையில் போன வருஷத்துப் பாஸ். கேட்டில் நிற்கிற முனியப்பாவிடம் அதைத் தொட்டுக் காட்டினார். வழக்கமாக சல்யூட் அடிக்கிற முனியப்பா அன்று கூட்டத்தை உள்ளே தள்ளுகிற அவசரத்தில், “பாஸ் யாக்கே, எதுக்கு சார்? எல்லாருக்கும் ஃப்ரீ, போங்க போங்க” என்று அவரையும் முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டார்.

உள்ளே சோபாவில் ஒரு குடும்பமே உட்கார்ந்திருந்தது. டர்க்கி டவலை மடித்து அதன்மேல் ஒரு கைக்குழந்தையைத் தூங்க வைத்திருந்தார்கள்.

“அம்மா, இது கௌரவ விருந்தினர் சீட்டு” என்றார் அங்கிள்.

“அப்படியா? நாங்களும் அதான் பாத்தோம், நல்லா மெத்துன்னு இருக்கேன்னு. வாங்க சார், சொல்ப ஒட்டி உக்காந்தா உங்களுக்கும் இடம் வரும்” என்று அந்தம்மா நகர்ந்தார்.

அங்கிள் உட்காரவில்லை. நின்றார், சுற்றிப் பார்த்தார், பிறகு கூட்டத்துக்கு எதிராக நடந்து கேட்டைத் தாண்டிப் போய்விட்டார். அன்று நாங்கள் ஜெயித்தோம். கோல் போட்ட பையன் கேலரிப் பக்கம் ஓடியபோது கேலரியே எழுந்து கத்தியது. அவன் அழுதுவிட்டான். செல்வமும் அழுதார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், பொய் சொல்லவில்லை.

மறுநாள் ஆன்ட்டி போன் செய்தார். “என்னடா பண்ணீங்க அவரை? நேத்துலேர்ந்து சரியா சாப்பிடல. சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. ஒரு பாஸ் அடிச்சுக் குடுத்துத் தொலையேன்.”

“ஃப்ரீயா வர்றதுக்கு எப்படி ஆன்ட்டி பாஸ் அடிக்கிறது?”

“எனக்குத் தெரியாது. மிஷினு உங்கிட்டதான இருக்கு?”

அடித்தேன். தலையெழுத்து! தங்கக் கலர் ஓரம் போட்டு, ‘இலவச அனுமதிக்கான சிறப்பு அனுமதி’ என்று அச்சடித்து, கவரில் வைத்து, வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கிள் படித்துப் பார்த்தார். திருப்பி என் கையிலேயே வைத்தார்.

“தொறந்து கெடக்கிற வீட்டுக்குச் சாவி குடுக்கறியா தம்பி?” என்றார். அவரைப் பார்த்து எனக்குச் சிரிப்போ கோபமோ வராதது அன்றுதான் முதல் தடவை. அந்த மனுஷனுக்கு மேட்ச் ஒரு பொருட்டே இல்லை. யாராவது தன்னை வேண்டும் என்று கூப்பிட வேண்டும். ஆபீஸ் போய்விட்டது, மகள் போய்விட்டாள், கூப்பிடுவதற்கு ஊரில் மிஞ்சியிருந்தது எங்கள் கிளப் ஒன்றுதான். அதையும் நாங்கள் ஊருக்கே திறந்துவிட்டோம்.

பாவம் பார்த்தது எவ்வளவு தப்பு என்று அடுத்த வாரமே தெரிந்தது. அங்கிள் எழுந்துவிட்டார். வீடு வீடாகப் போனார். டிக்கெட்டைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று பிரசாரம்! வாழ்நாளில் டிக்கெட் வாங்காத மனுஷன், டிக்கெட்டுக்காகத் தெருத்தெருவாக அலைகிறார். பாஸ் இருக்க வேண்டுமென்றால் முதலில் டிக்கெட் இருக்க வேண்டும் அல்லவா? க்யூவில் நாலு பேர் நின்றால்தானே க்யூவில் நிற்காமல் போகிற சுகம்? பழைய சோபாக்காரர்கள் எல்லோரும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். பொதுக்குழுவைக் கூட்டச் சொன்னார்கள்.

பொதுக்குழு கிளப் ஹாலில் நடந்தது. உறுப்பினர்களின் குடும்பத்தாரும் வந்து பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். டீயும் வடையும் உண்டு என்பது ஒரு காரணம். ஆன்ட்டியும் வந்திருந்தார். அங்கிள் எழுந்து பேசினார் பாருங்கள், பாதிரியார் கெட்டார்!

“சும்மா கெடைக்கிறதை எவன் மதிக்கிறான்? வெயில்ல, சேத்துல, முட்டி பேந்து நம்ம பசங்க ஆடறாங்க. அவங்க ஆட்டத்துக்கு ஒரு டீக்காசு பெறுமானம் கூட இல்லியா? டிக்கெட்டுங்கிறது காசு இல்ல சார். ஆடறவனுக்கு நாம செய்யுற மரியாதை! அந்த மரியாதை செய்யாதவன் ஒருத்தன்கூட நம்ம கேட்டைத் தாண்டக் கூடாது!”

கைதட்டல் அடங்க நேரமானது. இதில் பெரிய வேடிக்கை, அவர் சொன்னது அத்தனையும் நியாயம். நானே தட்டினேன். யார் வாயிலிருந்து வருகிறது என்பதை மறந்துவிட்டேன்.

செல்வம் மெதுவாக எழுந்தார். பொம்மனஹள்ளியிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பு முகத்தில் இருந்தது. “அங்கிள் பேசினதைக் கேட்டு எனக்கே மனசு மாறிப்போச்சு. அந்தக் கோணத்துல நான் யோசிக்கல. டிக்கெட்டைத் திரும்ப வெப்போம். படிக்கிற பசங்களுக்கு மட்டும் ஃப்ரீ. மத்தபடி அங்கிள் சொன்னாரு பாருங்க, மரியாதை செய்யாதவன் ஒருத்தன்கூடத் தாண்டக் கூடாதுன்னு, அதை அப்படியே தீர்மானமாப் போடுவோம். தலைவர்லேர்ந்து நான் வரைக்கும் எல்லாருக்கும் டிக்கெட். பாஸ்னு ஒண்ணு இனிமே கெடையாது. அங்கிளே வழிமொழியட்டும்.”

அங்கிள் இன்னும் நின்றுகொண்டிருந்தார். உட்காரவும் முடியவில்லை. அத்தனை பேரும் அவரையே பார்த்தார்கள். அவருடைய வலது கை மெல்ல மேலே போனது. பாதி வழியில் ஒரு தடவை நின்றது, பிறகு போனது. மறுபடியும் கைதட்டல். பின்வரிசையில் ஆன்ட்டி எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டினார்.

டிக்கெட்டோடு முதல் மேட்ச். கவுண்டரில் நான். ஜன்னலில், மொபைல் போனை வைத்து ஸ்கேன் பண்ணிக் காசு கட்டுகிற அட்டையும் ஒட்டியிருந்தோம். முன்பு வந்த கூட்டத்தில் பாதி திரும்ப வந்தது, பாதி வரவில்லை. இலவசமா டிக்கெட்டா என்ற சண்டை எங்கள் கமிட்டியில் இன்று வரைக்கும் ஓடுகிறது, அது கிடக்கட்டும். அங்கிளும் ஆன்ட்டியும் சேர்ந்து நடந்து வந்தார்கள். அவர்கள் இருவரையும் மேட்ச் நாளில் கிரவுண்டுப் பக்கம் ஒன்றாகப் பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. அங்கிள் கேட்டுக்குப் போகவில்லை, கவுண்டருக்கும் வரவில்லை. நடுவில் நின்றார். ஆன்ட்டி நேராகக் க்யூவில் வந்து நின்று, தன் முறை வந்ததும் போனை எடுத்து அட்டையில் காட்டினார்.

“ஒண்ணு” என்றார்.

“ஒண்ணா ஆன்ட்டி? அங்கிளுக்கு?”

“அவருக்கு நான் வாங்கினா அது மரியாதையா இருக்காதுப்பா. மரியாதை அவங்கவங்க செய்யணும். நீ கேக்கல, அன்னிக்கு என்னமாப் பேசினாரு!”

டிக்கெட்டை வாங்கி முனியப்பாவிடம் கொடுத்துக் கிழித்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பிப் பார்க்கவில்லை. அங்கிள் கேட்டுக்கு எதிரே, கரும்பு ஜூஸ் வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். ஆட்டம் ஆரம்பித்தது. ஆரவாரம் எழும்போதெல்லாம் அவர் தலை திரும்பும், உடனே வேறு பக்கம் பார்ப்பார். தெரிந்தவர்கள் கேட்டால், “ஒருத்தருக்காக வெயிட் பண்றேன்” என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. கவுண்டரை விட்டு எழுந்து போனேன்.

“அங்கிள், வாங்க. என் டிக்கெட்டுல வாங்க.”

“நீ கமிட்டி சார்புல கூப்புடறியா, சும்மா நீயா கூப்புடறியா?”

“நானாத்தான்.”

“அப்போ வேணாம்” என்றார்.

எந்தத் தீர்மானத்தாலும் மாற்ற முடியாத ஒரு வழக்கம் எங்கள் கிரவுண்டில் உண்டு. இடைவேளை விசில் அடித்ததும் முனியப்பா கேட்டை அகலத் திறந்துவிட்டு நாற்காலியை உள்ளே தூக்கிக்கொண்டு போய்விடுவார். அவரும் ஆட்டம் பார்க்க வேண்டாமா? கவுண்டரும் மூடிவிடும். அதன் பிறகு யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். அதற்காகவே காத்திருக்கிற ஆட்டோக்காரர்கள், கடைப் பையன்கள், பூக்காரிகள் எல்லோரும் திமுதிமுவென்று போவார்கள். அங்கிள் அவர்களை ஒரு காலத்தில் ‘பாதி ஆட்டக் கும்பல்’ என்பார்.

அன்றும் கேட் திறந்தது. கும்பல் போனது. ஜூஸ் வண்டிக்காரரே வண்டியை விட்டுவிட்டுப் போய்விட்டார். டிக்கெட் வாங்கலாம் என்று மனம் மாறினாலும் இனிமேல் வாங்க வழியில்லை. தடுக்க ஆளில்லை, கூப்பிடவும் ஆளில்லை. திறந்த கேட்டுக்கு முன்னால் அவர் ஒருவர் மட்டும் நின்றார். கவுண்டரைப் பூட்டிக்கொண்டிருந்த நான் நின்று பார்த்தேன். கோபம் எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை, எனக்கு அழுகை வரும்போல் இருந்தது.

அப்போது ஆன்ட்டி வெளியே வந்தார். கேலரிக் கடலைக்காரர் அப்போதுதான் கேட்டோரம் வந்து நின்றார், அவரிடம் கடலை வாங்க வந்திருக்கிறார். தலை கலைந்து, முகம் சிவந்து, கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தது. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு திரும்பியவர் அங்கிளைப் பார்த்தார்.

“இங்கயா நிக்கிறீங்க இன்னும்? என்னா ஆட்டம் ஆடறானுங்க தெரியுமா! என் பக்கத்துல இடம் இருக்கு.”

அங்கிள் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். தொண்டையைச் சரிசெய்துகொண்டார். “எனக்குன்னு புடிச்சு வெச்சிருக்கியா?” என்று கேட்டார்.

ஆன்ட்டி ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆன்ட்டிக்குப் பொய் வராது.

“இல்லியே. காலியா இருக்கு, அவ்ளோதான். யார் வேணா உக்காரலாம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அங்கிள் நின்றார். இரண்டாம் பாதிக்கு விசில் அடித்தது. எங்கிருந்தோ இன்னும் இரண்டு ஆட்டோக்காரர்கள் கேட்டைப் பார்த்து வேகமாக வந்தார்கள். அவர் அவர்களைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார், உள்ளே தூரத்தில் படியேறிக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்தார். அப்புறம், நான் என் கண்ணால் பார்த்தேன், வேறு யாராவது போய் உட்கார்ந்துவிடுவார்களோ என்ற பயத்தில், அந்த மனுஷன் ஓடினார்.